வால்வு ஸ்பிரிங்கும் அவயவியும்

பல உறுப்புகள் கூடி அமைந்த ஒரு பொருள் அவ்வுறுப்புகளுக்கு வேறாக உண்மையில் இருக்கிறதா, அல்லது அந்தக் கூட்டத்திற்கு இட்டு வழங்கும் பெயர் மட்டும்தானா என்பது பௌத்தருக்கும் நியாய மரபினருக்கும் இடையே நெடுங்காலம் நிகழ்ந்த வழக்கு. 'மிலிந்த பஞ்ஹ' என்னும் பாலி நூலில் பௌத்தத் துறவி நாகசேனர், மிலிந்த மன்னன் ஏறிவந்த தேரையே சான்றாகக் கொண்டு, அச்சும் சக்கரமும் நுகமும் தனித்தனியே தேராகா என்றும், அவற்றைச் சார்ந்து வழங்குவதே தேர் என்னும் பெயர் என்றும் நிறுவுகிறார். நியாய சூத்திரமோ, ஒரு பகுதியைப் பிடித்து இழுத்தால் பொருள் முழுவதும் உடன்வருவதைக் காட்டி, உறுப்புகளில் தங்கியும் அவற்றின் வேறாயும் உள்ள 'அவயவி', அதாவது முழுப்பொருள், உண்டு என்கிறது.

இவ்வழக்கைத் தேரைவிடக் கூர்மையாகச் சோதிக்க டீசல் எஞ்சின் உதவும். அமெரிக்காவில் 1989 முதல் 1998 வரையிலான டாட்ஜ் ராம் டிரக்குகளில் வந்த, 5.9 லிட்டர் கொள்ளளவும் 6 சிலிண்டரும் 12 வால்வும் உடைய கம்மின்ஸ் எஞ்சினை நிமிடத்திற்கு 3,000 சுழற்சிக்கு மேல் ஓட்ட விரும்புவோர், வால்வை மூடும் பழைய ஸ்பிரிங்கை எடுத்துவிட்டு, '60 பவுண்டு' என வழங்கும் கடினமான ஸ்பிரிங்கைப் பொருத்துகிறார்கள். பழையது அவ்வேகத்தில், வால்வைத் திறக்கும் கேம் ஷாஃப்டின் வளைவோடு ஒட்டி இயங்க மாட்டாமல் வால்வை அந்தரத்தில் விட்டுவிட, அது மேலேறி வரும் பிஸ்டனில் மோதவும் கூடும். சிலிண்டர் ஹெட்டைக் கழற்றாமலே இவ்வேலையைச் செய்பவர், முதலாம், ஆறாம் பிஸ்டன்கள் ஒருசேர உச்சிக்கு வரும்படி கிராங்க் ஷாஃப்டைத் திருப்பி வைக்கிறார். வால்வின் தண்டைப் பற்றியிருக்கும் இரு துண்டு லாக்கை எடுத்ததும், வால்வு சிலிண்டருக்குள் விழாமல் தாங்குவது, ஓட்டத்தில் அதைத் தாக்கக்கூடிய அதே பிஸ்டன்தான். புதிய ஸ்பிரிங்கின் பளுவும் தன் இடத்தில் நின்றுவிடுவதில்லை. ராக்கர், புஷ் ராடு, டேப்பட் வழியே இறங்கிக் கேம் ஷாஃப்டை அழுத்துகிறது. அதனால் புஷ் ராடு வளையாதிருக்க அதையும் தடித்ததாக மாற்ற நேரலாம்.

ஒன்றை இழுத்தால் எல்லாம் அசையும் என்ற நியாய வாதத்திற்கு இதைவிடத் தெளிவான சான்று அரிது. ஆயினும், உறுப்பு மாறினால் பழைய அவயவி அழிந்து புதியது பிறக்கிறது என்ற அம்மரபின் கொள்கை இங்கே தேவைக்கு மிஞ்சியது. ஏனெனில் அப்பளு செல்லும் பாதையில் உறுப்புகளையும் அவற்றின் தொடர்பையும் தவிர மூன்றாவது பொருள் எதுவும் தென்படவில்லை. அத்தொடர்பு வெறும் பெயரும் அன்று. பெயர் புஷ் ராடை வளைப்பதில்லை. நாகசேனர் மறுத்தது உறுப்புகளுக்கு வேறான ஒரு பொருளைத்தான், அவை ஒன்றையொன்று சார்ந்து நிற்கும் ஒழுங்கை அன்று என்று கொண்டால், இவ்வழக்கில் பௌத்தர் பக்கமே வலுவுடையது.