ஞாபகமும் நாணயமும்

வேலைக்கும் வீட்டுக்கும் ஆலயத்துக்கும் இடையே கிடைக்கும் ஞாயிறு மாலைகளில் படம் வரைபவர்கள் நம்மிடையே பலர் உள்ளனர். நாமும் அவர்களுள் ஒருவர். தொழிலோ கணக்கு எழுதுவது. ஓவியத்தை முறையாக எங்கும் பயின்றதில்லை. இவ்வாண்டு எமது நகர நூலகத்தின் மேல்மாடியிலுள்ள சிறிய காட்சிக்கூடத்தில், உள்ளூர்வாசிகள் எவரும் பங்குபற்றக்கூடிய ஓவியக் கண்காட்சி ஒன்று நடைபெறவிருக்கிறது. ஒருவர் இரண்டு படங்கள் கொடுக்கலாம். கண்ணாடிச் சட்டமிட்டு, பின்புறம் தொங்கவிடக் கயிறு கட்டி, தலைப்பும் விளக்கமும் எழுதிய ஓர் அட்டையுடன் ஒப்படைக்க வேண்டும். படம் வரைந்ததிலும் பார்க்க அந்த அட்டையை நிரப்புவதே எமக்குப் பெரும்பாடாகிவிட்டது. அதிலிருந்து எழுந்த கேள்வியையே இங்கு அடியார்கள் முன் வைக்கிறோம்.

ஞாபகம் கைவிட்ட இடத்தைக் கற்பனையால் நிரப்பிவிட்டு, அதைப் பிறர் உண்மையென்று நம்ப விடுவது பொய்யாகுமா?

முதலாவது படம் எமது வீதியில் பனி பெய்த ஒரு காலைப்பொழுது. அதில் வில்லங்கம் ஒன்றுமில்லை. இரண்டாவது, ஊரில் எமது வீட்டுக் கிணற்றடி. 1990 ஆனி மாதம் வலிகாமம் வடக்கிலிருந்து இடம்பெயர்ந்தபோது எமக்கு வயது 11. வீட்டுப் படங்கள் எல்லாம் அலுமாரியோடு போய்விட்டன. ஆகவே மனத்திலிருந்ததை வைத்தே நீர்வர்ணத்தில் வரைந்தோம். செம்மண், கிணற்றுக்கட்டு, உடுப்புத் தோய்க்கும் கல், தண்ணீர் ஓடும் பக்கத்தில் வாழைகள், இவற்றுக்கெல்லாம் மேலாக வானத்தை நோக்கிச் சரிந்து நிற்கும் துலா. படத்தின் உயிரே அந்தத் துலாதான். பார்த்தவர்கள் எல்லோரும் அதையே முதலிற் சொன்னார்கள். எமது பிள்ளைகளும் "அப்பா இதிலயோ தண்ணி அள்ளினவர்?" என்று கேட்டு வியந்தார்கள்.

சட்டமிட முன்னர், துலா எந்தப் பக்கம் நின்றது என்று ஒருமுறை உறுதிசெய்ய விரும்பி, கனடாவிலுள்ள அக்காவிடம் கேட்டோம். "கிழக்காலை. குசினிப் பக்கம்" என்றார். ஜேர்மனியிலுள்ள அண்ணாவோ, "அவவுக்கு என்ன தெரியும், மேற்கு வேலிப் பக்கமல்லோ நிண்டது" என்றார். வழக்கைத் தீர்க்க யாழ்ப்பாணத்திலுள்ள சின்னம்மாவிடம் போனோம். அவர் சிரித்துவிட்டு, "துலாவோ? அது நீ பிறக்க முன்னமே கழட்டியாச்சு தம்பி. அதுக்குப் பிறகு கப்பிதான். நீ பக்கத்து வளவுக் கிணத்தைப் பாத்திருப்பாய்" என்றார்.

மூன்று பேர், மூன்று சாட்சியம். எமது கண்ணுக்குள் நிற்கும் துலாவோடு சேர்த்தால் நான்கு.

இதிலே பொய் எங்கே வருகிறது, ஓவியனுக்குக் கற்பனைச் சுதந்திரம் இல்லையா என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்வி. பாரிஸ் நகரத்தில் ஹென்றி ரூசோ என்றொருவர் இருந்தார். 1844 இல் பிறந்தவர். நகருக்குள் வரும் பொருட்களுக்குத் தீர்வை அறவிடும் அலுவலகத்தில் சாதாரண உத்தியோகத்தர். எம்மைப் போலவே ஓய்வு நேரத்தில் வரைந்தவர். நடுவர் குழு இல்லாமல் எவரும் பங்குபற்றக்கூடிய கண்காட்சியில் 1886 முதல் தம் படங்களை வைத்து வந்தார். பலர் பார்த்துச் சிரித்தார்கள். அவர் 1891 இல் வரைந்த, புயல் மழையில் பதுங்கும் புலி ஒன்றின் படம் இன்று இலண்டன் தேசிய ஓவியக்கூடத்தில் தொங்குகிறது. ஆனால் அவர் பிரான்சை விட்டு வெளியே சென்றவரே அல்லர். காட்டைக் கண்டதுமில்லை. பாரிஸின் தாவரவியற் பூங்காவில் பார்த்த செடிகளைப் பெருப்பித்தே அந்தக் காடுகளை ஆக்கினார். அதற்காக அந்தப் படத்தை யாரும் பொய் என்பதில்லை. அவர் இளமையில் மெக்சிக்கோவுக்குப் படைவீரராகப் போனவர், அங்கு கண்ட காடுகளையே வரைகிறார் என்றொரு கதையும் உலாவியது. அவரும் அதற்கு இடங்கொடுத்தார். பொய் என்றால் அந்தக் கதைதான் பொய், படம் அன்று.

இந்த வேறுபாடு எமக்கு வெளிச்சம் தந்தது. தாளிலே துலாவை நிறுத்துவது குற்றமல்ல. அட்டையிலே "எமது வீட்டுக் கிணறு, 1990" என்று எழுதுவதுதான் குற்றம். அப்படி எழுதியவுடன் படம் சாட்சியமாகிவிடுகிறது.

இருந்தாலும் மனம் ஒரு சமாதானம் தேடியது. வள்ளுவரே வாய்மையைப் பற்றிக் கூறுமிடத்து, குற்றமற்ற நன்மை விளையுமாயின் பொய்யையும் மெய்யோடு சேர்த்து எண்ண இடமளிக்கிறாரே! எமது பிள்ளைகள் ஊரை நினைத்துப் பெருமைப்படுகிறார்கள். இதில் யாருக்கு என்ன தீங்கு? ஆனால் "குற்றமற்ற" என்பதை நாம் எளிதிற் கடந்துவிடக் கூடாது. ஊரைக் கண்டிராத பிள்ளைகளுக்கு நாம் சொல்வதே ஊர். வேறு படம் இல்லாத இடத்தில் பிழையான படமே ஆவணமாகிவிடும். நாளை அவர்களுடைய பிள்ளைகளுக்கு அந்தத் துலாவே வரலாறு. அதைத் திருத்தச் சின்னம்மா அப்போது இருக்கமாட்டார்.

இன்னுமொன்றையும் ஒப்புக்கொள்ள வேண்டும். எம்மில் பலர் அகதி விண்ணப்பம் செய்தபோது, நாள், மாதம், திசை, தூரம் என்று ஒவ்வொன்றாகக் கேட்கப்பட்டோம். "ஞாபகம் இல்லை" என்று சொன்னால் முழுவதையுமே நம்பமாட்டார்களோ என்று அஞ்சினோம். நிச்சயமில்லாததையும் நிச்சயமாகச் சொல்லப் பழகினோம். அந்தப் பயத்துக்கு நியாயம் இருந்தது. ஆனால் பயம் போன பின்பும் பழக்கம் போகவில்லை. சொந்தப் பிள்ளைகளிடமும் "தெரியாது" என்று சொல்ல நா எழுவதில்லை.

கணக்குத் தொழிலில் இதற்கொரு வழி உண்டு. பரீட்சை மீதி சமப்படாவிட்டால், வித்தியாசத்தை மறைக்க இல்லாத செலவொன்றை எழுதுபவன் கள்ளன். நேர்மையானவன் அந்தத் தொகையைத் தொங்கல் கணக்கில் இடுவான். "இவ்வளவு தொகைக்கு இன்னும் விளக்கம் கிடைக்கவில்லை" என்பதே அதன் பொருள். அது அவமானமன்று. பிழை கண்டுபிடிக்கப்படும் வரை அது எல்லோர் கண்ணுக்கும் தெரியும்படி அங்கேயே இருக்கும். கணக்கேட்டின் நாணயம் அதில்தான் இருக்கிறது.

ஆகவே துலாவை நாம் அழிக்கவில்லை. கப்பியை வரைந்திருந்தால் அதுவும் எமக்கு இரவல் ஞாபகமே. எமது கண்ணில் நிற்பது துலாதான். அட்டையில் மட்டும் "நினைவிலுள்ள கிணறு" என்று தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதினோம். இடமோ ஆண்டோ போடவில்லை. சட்டத்தின் பின்பக்க மட்டையில், அக்கா சொன்னது, அண்ணா சொன்னது, சின்னம்மா சொன்னது மூன்றையும் அவரவர் பெயருடனும் கேட்ட திகதியுடனும் பென்சிலால் எழுதி வைத்தோம். அதுவே எமது தொங்கல் கணக்கு. பிள்ளைகளையும் கூப்பிட்டு வாசித்துக் காட்டினோம். மகள் சற்று ஏமாந்துபோனாள். பிறகு, "அப்ப அந்தப் பக்கத்து வீட்டுக் கிணறு ஆற்றை?" என்று கேட்டாள். அந்த வீட்டாரின் பெயர் எமக்கு ஞாபகத்தில் வரவில்லை. "தெரியாது, சின்னம்மாவைக் கேப்பம்" என்றோம். நாம் துலாவின் பெருமையைச் சொல்லிக்கொண்டிருந்த வரையில் அவள் இப்படியொரு கேள்வியைக் கேட்டதில்லை.

கண்காட்சிக்கு வருபவர்கள் படத்தின் முன்பக்கத்தை மட்டுமே பார்ப்பார்கள். அது போதும். பின்பக்கம் எமது பிள்ளைகளுக்கானது.

வாசிக்கும் அடியார்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டிலும் ஊரிலும் ஒரு சின்னம்மா, ஒரு பெரியப்பா இன்னும் இருக்கக்கூடும். இந்த வாரமே தொலைபேசியில் அழைத்துக் கிணறு எந்தப் பக்கம், வாசல் எந்தப் பக்கம் என்று கேட்டு எழுதி வையுங்கள். சொல்வது ஒன்றோடொன்று முரண்பட்டால் முரண்பட்டபடியே எழுதுங்கள். ஊரையும் வீட்டையும் இழந்த நாம், எதை அறிவோம், எதை அறியோம் என்ற தெளிவையுமா இழக்க வேண்டும்?