ஐயத்தின் பயன் யாருக்கு?

உண்மை இதுவெனத் துணிய இயலாத நிலையில் தீர்ப்பளிப்போர் யாது செய்தல் வேண்டும்? இருதரப்புச் சான்றுகளும் ஒத்த எடையுடன் நிற்கும்போது, ஏதேனுமொரு பக்கத்துக்குத் தீர்ப்புச் சொல்லியே ஆகவேண்டும். தீர்க்காது விடுதலும் ஒரு தீர்ப்பே. கொடுக்க வேண்டியவனுக்குச் சாதகமான தீர்ப்பு அது. ஐயத்தினால் விளையும் இழப்பை யார் தலையிற் சுமத்துவது என்ற இவ்வினா சட்ட வல்லுநருக்கு மட்டும் உரியதன்று. ஒரு சமுதாயம் தன் எளிய மனிதனை எவ்வாறு மதிக்கிறது என்பதை இவ்வினாவுக்கு அது தரும் விடையிலே காணலாம். ஐக்கிய அமெரிக்காவில் முன்னாள் படைவீரரின் அங்கவீனக் கொடுப்பனவு மேன்முறையீடுகள் தீர்க்கப்படும் முறையை இதற்கோர் எடுத்துக்காட்டாகக் கொண்டு ஆராய்வோம்.

படைச் சேவையினால் உடலோ உள்ளமோ பழுதுற்றவர் அந்நாட்டில் மாதக் கொடுப்பனவு கோரலாம். அவர் நிறுவ வேண்டியவை மூன்று: இன்று தமக்கு நோயோ ஊனமோ உண்டு என்பது, சேவைக்காலத்தில் அதற்கு ஏதுவான நிகழ்ச்சி நேர்ந்தது என்பது, அவ்விரண்டுக்கும் தொடர்புண்டு என்பது. கோரிக்கை மறுக்கப்பட்டால், 2019ஆம் ஆண்டு பெப்ரவரியில் நடைமுறைக்கு வந்த சட்டத்தின்படி மூன்று வழிகள் உள. புதிய சான்றுடன் மீண்டும் கோரலாம்; மூத்த அலுவலர் ஒருவரைக்கொண்டு அதே கோவையை மறுபரிசீலனை செய்விக்கலாம்; அன்றேல் மேன்முறையீட்டுச் சபைக்குச் செல்லலாம்.

இச்சபை 1933இல் ஜனாதிபதி ரூஸ்வெல்ட்டின் ஆணையால் அமைந்தது. அது சுயாதீன நீதிமன்றமன்று; கொடுப்பனவை வழங்கவும் மறுக்கவும் செய்கின்ற அதே நிருவாகத்தின் உறுப்பாகும். 1988 வரை அதன் முடிவுகளை மீளாய்வு செய்யும் அதிகாரம் நீதிமன்றங்களுக்குப் பொதுவாக இருக்கவில்லை. வழக்கறிஞர் பெறத்தக்க கூலியோ, 1864இல் உள்நாட்டுப் போர்க்காலத்தில் விதிக்கப்பட்ட 10 டொலர் எல்லையிலேயே நின்றது. பேராசை கொண்ட வழக்கறிஞரிடமிருந்து வீரரைக் காப்பதே நோக்கம் என்றனர். 1985இலும் அதியுயர் நீதிமன்றம் இவ்வெல்லையைச் செல்லுபடியானதென்றே கொண்டது. பத்து டொலருக்கு எந்த வழக்கறிஞர் முன்வருவார்? பாதுகாப்பு என்ற பெயரிலே கிடைத்தது துணையின்மையே. 1988ஆம் ஆண்டுச் சட்டமே இந்த எல்லையை நீக்கி, சபைக்கு மேலே தனி நீதிமன்றம் ஒன்றையும் அமைத்தது.

இவ்வமைப்பின் நடுநாயகமாக விளங்குவது 'ஐயத்தின் பயன்' எனும் விதி. சான்றுகள் ஏறத்தாழச் சமநிலையில் நிற்குமாயின் கோரியவருக்கே தீர்ப்பளித்தல் வேண்டும் என்பது அது. 1990இல் இதனை விளக்கிய அப்புதிய நீதிமன்றம், வெற்றுநிலங்களிற் சிறுவர் ஆடும் பேஸ்போல் விளையாட்டின் வழக்கத்தை உவமையாகக் காட்டிற்று. பந்தும் ஓடுபவனும் ஒரே கணத்தில் வந்து சேர்ந்தால் வெற்றி ஓடியவனுக்கே.

எப்பக்கமும் சாயாத துலாக்கோலைச் சான்றோர்க்கு உவமையாக்கியது வள்ளுவம். அங்ஙனமாயின் ஒருபுறம் சாயுமாறு பணிக்கும் இவ்விதி நீதியாகுமா? ஆகும் என்பதே நமது கருத்து. இத்தராசு, தட்டுகளில் எதுவும் இடப்படுமுன்னரே சமனற்று நிற்கின்றது. வீரனின் சேவையைப் பதிந்தது அரசு. பதிவைத் தன் காவலில் வைத்திருப்பதும் அரசு. அவனைப் பரிசோதிக்கும் வைத்தியரை ஏற்பாடு செய்வதும் அரசு. அவனிடம் எஞ்சியிருப்பவை தன் உடலும் ஞாபகமுமே. பொதுப்பணம் தகுதியற்றவர் கைக்குப் போகாதா என்று கேட்போர் உளர். சில வேளைகளிற் போகலாம். ஆயின் தவறு இருவகைப்படும். தகுதியற்ற ஒருவருக்குக் கொடுத்த தவறு, கோடிக்கணக்கான மக்கள்மீது பரவி எவரும் உணராத சுமையாகின்றது. தகுதியுள்ள ஒருவருக்கு மறுத்த தவறோ ஒரே குடும்பத்தின்மீது முழுப்பாரமாக விழுகின்றது.

விதி நல்லதாயிருந்தால் மட்டும் போதுமா? 1973ஆம் ஆண்டு ஜூலை 12ஆம் திகதி சென்ற் லூயிஸ் நகரப் பகுதியிலுள்ள ஆவணக் காப்பகத்தில் தீப்பற்றியது. 1 கோடி 60 இலட்சத்துக்கும் 1 கோடி 80 இலட்சத்துக்கும் இடைப்பட்ட சேவைக் கோவைகள் அழிந்தன. 1912 தொடக்கம் 1960 வரை தரைப்படையிலிருந்து விலகியோரின் பதிவுகளில் ஏறத்தாழ 80 வீதம் போயிற்று. பிரதிகளும் இருக்கவில்லை. கோவை எரிந்தது அரசின் காவலில், இழப்போ வீரனுக்கு. இத்தகைய வழக்குகளிற் சபை கூடிய கவனத்துடன் ஆராய்ந்து தன் முடிவுக்குக் காரணம் கூறவேண்டும் என்றன நீதிமன்றங்கள். ஆயினும் நிறுவும் சுமை அதனாற் குறைவதில்லை என்றும் கூறின. போர்முனையில் நிகழ்ந்ததற்குப் பதிவு இல்லாவிடினும், சூழ்நிலைக்கு ஒத்ததாயின் வீரனின் வாய்மொழியை ஏற்கலாம் என்று 1941ஆம் ஆண்டுச் சட்டம் வகுத்திருந்தது. குண்டுமாரிக்கிடையே குறிப்பெழுத இலிகிதர் இரார் என்பதை உணர்ந்த சட்டம், எரிந்த கோவையிலும் எழுத்து இராது என்பதை அதே அளவுக்கு உணரவில்லை.

காலவரையறையும் அவ்வாறே. கொரியப் போர்க்காலத்திற் படையிலிருந்து, மனநோயினால் 1952இல் விடுவிக்கப்பட்ட ஒருவர், சபையின் மறுப்பை எதிர்த்து நீதிமன்றத்துக்கு விண்ணப்பிக்க 15 நாள் தாமதித்தார். அந்நோயே தாமதத்துக்குக் காரணம் என்றார். நீதிமன்றம் வழக்கை ஏற்க மறுத்தது. 120 நாள் எல்லை நீதிமன்றத்தின் அதிகாரத்தையே பறிக்கும் எல்லையன்று என்று 2011இல் அதியுயர் நீதிமன்றம் தீர்த்தபோது அவர் உயிருடன் இல்லை.

எல்லாவற்றிலும் முக்கியமான வினா வேறொன்றுண்டு. சான்றுகள் சமமாக உள்ளனவா என்பதைத் தீர்மானிப்பவர் யார்? 2025 மார்ச்சில், மன அதிர்ச்சி நோய் தொடர்பாக இருவர் கொண்டுவந்த வழக்குகளில், அதியுயர் நீதிமன்றம் எழுவர் ஒருபுறமும் இருவர் மறுபுறமுமாகத் தீர்ப்பளித்தது. சமநிலை உண்டா என்பது பெரும்பாலும் நிகழ்ச்சி பற்றிய முடிபு. மேலுள்ள நீதிமன்றம் சான்றுகளைப் புதிதாக நிறுத்துப் பார்க்க வேண்டியதில்லை. தெளிவான தவறு தென்பட்டாலே தலையிடலாம் என்பது அதன் சாரம். ஐயத்தின் பயன் வீரனுக்கு. ஆயின் ஐயம் உண்டா என்று சொல்லும் உரிமை பெருமளவுக்கு நிருவாகத்துக்கு! சட்டம் கையால் நீட்டிய அப்பத்தைத் தராசு பிடித்தவன் விரும்பினால் மறைத்துவிடலாம்.

இந்நிலையை மாற்றியவை பெரும்பாலும் தனிமனிதரின் மேன்முறையீடுகள் அல்ல. வியட்நாமில் தெளிக்கப்பட்ட ஏஜன்ட் ஒரேஞ்ச் நஞ்சினால் விளைந்த நோய்கள் சிலவற்றுக்கு, அந்நஞ்சே காரணமெனச் சட்டமே கொள்ளும் நிலை 1991இல் உருவாயிற்று. குப்பைக் குழிகளின் நச்சுப் புகைக்கு அத்தகைய ஏற்பாடு விரிவாகக் கிடைத்தது 2022இலேயாம். ஒன்றுபட்டுக் குரலெழுப்பியோரின் நெடுங்காலப் போராட்டமே இவற்றைப் பெற்றுத்தந்தது. ஆயின் அதே நஞ்சு தம் வயல்களிற் பொழியக் கண்ட வியட்நாமியர், அதனை உற்பத்தி செய்த கம்பனிகள்மீது தொடுத்த வழக்கு 2005இல் அமெரிக்க நீதிமன்றத்திற் தள்ளுபடியாயிற்று. 2008இல் மேன்முறையீட்டிலும் தோற்றது. விமானத்தை அனுப்பிய நாட்டின் வீரனுக்கு ஓரளவு கிடைத்த ஐயத்தின் பயன், விமானத்தின் கீழே நின்ற உழவனுக்குக் கிட்டவேயில்லை.

ஆகவே கருணை மிக்க சட்டவாசகத்தைக் கண்டு நாம் நிறைவு கொள்ளலாகாது. சான்றைத் தன் காவலில் வைத்திருப்பவர் யார், அது தொலைந்தால் இழப்பவர் யார், தராசைப் பிடித்திருப்பவர் யார், அவரை மேற்பார்ப்பவர் யார் என்று கேட்டல் வேண்டும். ஆட்சியாளர் முன்னிலையில் ஓர் எளிய மனிதன் மனுவுடன் நிற்கும் இடமெங்கும் இக்கேள்விகளை எழுப்புவது, சிந்திக்கும் ஆசிரியர்க்கும் மாணவர்க்கும் உரிய கடமையாகும்.