தெருப்புறாவும் நம் இரக்கமும்

யோர்தான் ஆற்றின்மேல் இறங்கிய புறாவைப் பீடத்தின் மேலே தீட்டி வணங்குகிறோம். அதே கோவிலின் கோபுரத்தில் புறா எச்சமிட்டால் வலை கட்டுகிறோம். நற்செய்தியின் கிரேக்க மூலத்திலோ, தூய ஆவியாரின் அடையாளமாக வந்த புறாவுக்கும், எருசலேம் கோவிலில் விற்கப்பட்ட புறாக்களுக்கும் ஒரே சொல்தான். மரியாவும் யோசேப்பும் குழந்தையோடு கோவிலுக்குச் சென்றபோது சட்டம் கேட்டதும் ஏழைகளுக்குரிய அந்தப் புறாக் காணிக்கையே.

நகரத்துப் புறா காட்டுப் பறவையன்று என்பதைப் பலர் அறிவதில்லை. அதன் மூதாதையர் பாறை இடுக்குகளில் வாழ்ந்தவை. பல ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே இறைச்சிக்காகவும் எருவுக்காகவும் தூதுக்காகவும் மனிதன் அவற்றைப் பழக்கினான். ஒடிசா காவல்துறைகூட 1946 முதல் பல பத்தாண்டுகள் புறா அஞ்சல் நடத்தியது. கூட்டிலிருந்து தப்பியவையும் கைவிடப்பட்டவையும் பெருகியதே இன்றைய தெருக்கூட்டம். நம் மாடங்களும் விளிம்புகளும் அவற்றுக்குப் பாறைகள். மாடப்புறா என்ற பெயரே அதற்குச் சான்று.

இன்னொரு வியப்பு: தாயும் தந்தையும் தம் தொண்டைப்பையில் ஒருவகைப் பாலைச் சுரந்து குஞ்சுகளுக்கு ஊட்டுகின்றன. தாய்மாரிடம் பால் சுரக்கத் தூண்டும் புரோலாக்டின் என்ற அதே சுரப்புநீரே இங்கும் வேலை செய்கிறது. (தந்தையர் கவனிக்க!) இதனால் புழு பூச்சியில்லாத நகரிலும், தானியம் கிடைத்தால் போதும், ஆண்டு முழுவதும் குஞ்சு பொரிக்க முடிகிறது.

ஆகவே, நாமே உண்டாக்கிக் கைவிட்ட உயிருக்கு நாம் பட்ட கடன் என்ன? கைப்பிடித் தானியம் வீசுவதா? சுவிட்சர்லாந்தின் பாசெல் நகரம் இதற்குக் கடினமான விடையொன்றைக் கண்டது. அங்கே 1961 முதல் 1985 வரை ஏறத்தாழ 1,00,000 புறாக்கள் கொல்லப்பட்டும் கூட்டம் குறையவில்லை. இறந்தவற்றின் இடத்தை இளையவை நிரப்பின. 1988-இல் வழி மாறியது. தீனி மிகுந்தால் கூடுகள் நெரிந்து, நோய் பரவி, குஞ்சுகளே மடிகின்றன என்று மக்களுக்கு எடுத்துரைத்தார்கள். புறாக்களுக்கென மாடங்கள் அமைத்து, அவற்றில் இடப்பட்ட முட்டைகளை அகற்றினார்கள். ஏறத்தாழ நான்கு ஆண்டுகளில் எண்ணிக்கை பாதியாயிற்று.

தானியம் வீசும் முதியவரின் கையைத் தடுப்பது நமக்கு எளிதன்று. அவருடைய தனிமைக்கு அப்பறவைகளே துணையாக இருக்கலாம். முட்டையை எடுப்பதும் இரக்கந்தானா என்று அவர் கேட்டால் உடனே சொல்ல நம்மிடம் விடையில்லை. கொன்று குவிப்பதைவிட அது மேல் என்று மட்டும் சொல்லத் துணிகிறோம்.