மகிழுங்கள் என்று யாருக்குச் சொல்வது?

மகிழ்ச்சியை ஒருவருக்குக் கட்டளையாக இட முடியுமா? உண்ணச் சொல்லலாம், உழைக்கச் சொல்லலாம், மன்னிக்கவும்கூடச் சொல்லலாம். உள்ளத்தில் தானாக ஊற வேண்டிய ஒன்றை இன்னொருவர் ஏவுவது எங்ஙனம்? ஆயினும் திருவிவிலியம் இதனைத் தயக்கமின்றிச் செய்கின்றது. திருப்பாடல்கள் தொடங்கிப் பவுலடியாரின் மடல்கள் வரை அந்த ஏவல் திரும்பத் திரும்ப ஒலிக்கின்றது. நாமும் அதனை நாள்காட்டியாகச் சுவரில் மாட்டி வைத்திருக்கிறோம். புத்தாண்டு நள்ளிரவுத் திருப்பலி முடிந்து வெளியே வரும்போது வசனச் சீட்டாக எடுத்துப் பணப்பையில் வைத்துக்கொள்கிறோம். துன்புறுவோரைக் காணச் சென்றால் அதையே அவர்கள் கையில் கொடுத்துவிட்டுத் திரும்புகிறோம். இக்கடைசிப் பழக்கத்தைப் பற்றித்தான் சற்று எண்ணிப் பார்க்க வேண்டியிருக்கிறது.

2023ஆம் ஆண்டு டிசம்பர் 17ஆம் நாள் திருவருகைக்காலத்தின் மூன்றாம் ஞாயிறு. மகிழ்ச்சியின் ஞாயிறு என்று திருச்சபை மரபில் பெயர் பெற்ற நாள். ஊதா நிறத்துக்கு மாற்றாக இளஞ்சிவப்பு உடை அணியக் குருவுக்கு இசைவு உள்ள நாள். அன்று நம் ஆலயங்களில் இரண்டாம் வாசகமாகப் படிக்கப்பட்டது, தெசலோனிக்கருக்கு எழுதிய முதல் திருமுகத்தின் ஐந்தாம் அதிகாரத்தில் 16ஆம் வசனம் முதலான பகுதி. எக்காலமும் மகிழ்ந்திருக்கப் பணிக்கும் சொல்லோடு தொடங்குவது அது.

அந்த ஞாயிறன்று நெட்டுக்குப்பம் எப்படி இருந்தது? வடசென்னையின் எண்ணூரில், கொசஸ்தலை ஆறு கடலோடு கலக்கும் முகத்துவாரத்தை ஒட்டிய மீனவர் ஊர் அது. இரண்டு வாரங்களுக்கு முன்னர், மிக்ஜாம் புயலின் பெருமழையில், மணலியின் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலைப் பகுதியிலிருந்து வெள்ளத்தோடு வெளியேறிய எண்ணெய், பக்கிங்காம் கால்வாய் வழியாக ஆற்றுக்குள் புகுந்து கழிமுகமெங்கும் படர்ந்திருந்தது. படகுகளின் விலாவிலும் வலைகளிலும் அலையாத்தி வேர்களிலும் கரிய பிசுக்கு ஒட்டியிருந்தது. கூழைக்கடாக்களின் சிறகும் அதற்குத் தப்பவில்லை. இறாலும் நண்டும் மடவையும் பிடித்துப் பிழைத்த கைகளுக்கு எண்ணெயை வாளியிலும் குவளையிலும் அள்ளும் வேலை வந்து சேர்ந்தது. அரசு மீனவக் குடும்பம் ஒன்றுக்கு 12,500 ரூபாயும், பாதிக்கப்பட்ட படகு ஒன்றுக்கு 10,000 ரூபாயும் நிவாரணம் அறிவித்தது. வலை போனால் வேறு வலை வாங்கலாம். எண்ணூர் மீன் என்றால் முகம் சுளிக்கும் சந்தையை எந்தப் பணத்தைக் கொண்டு மாற்றுவது?

இத்தகைய பொருத்தம் அப்பகுதிக்குப் புதிதும் அன்று. 2017ஆம் ஆண்டு ஜனவரி 28ஆம் நாள் அதிகாலை, எண்ணூர்த் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதி, எண்ணெய் கரையேறியது. மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. அன்றைய நற்செய்தி மத்தேயுவின் மலைப்பொழிவுப் பேறுகள். அதுவும் மகிழ்ந்து களிகூரச் சொல்லியே முடிகின்றது.

இவற்றைக் கேட்டுச் சினம் கொள்வோரை நாம் குறை கூற மாட்டோம். பசித்தவனிடம் பாட்டுப் பாடுவது கொடுமை என்பதை விவிலியமே அறியும். துயருற்ற மனத்தின் முன் பாடுவதைக் குளிர்நாளில் ஒருவரது ஆடையைக் களைவதற்கு ஒப்பிடுகின்றது நீதிமொழிகள் நூல். யோபுவின் நண்பர்கள் மூவரும் ஏழு பகலும் ஏழு இரவும் அவரோடு தரையில் அமர்ந்து வாய் திறவாதிருந்தார்கள். அதுவரை அவர்கள் நல்ல நண்பர்கள். பேசத் தொடங்கிய பின்னரே கெட்டது. பேசியவை பெரும்பாலும் பக்தியான சொற்களே என்பதை நாம் மறந்துவிடக் கூடாது.

அப்படியானால் பவுலடியார் எந்த உரிமையில் சொன்னார்? ஏறத்தாழ கி.பி. 50ஆம் ஆண்டளவில் எழுதப்பட்ட இம்மடலே புதிய ஏற்பாட்டின் மிகப் பழைய எழுத்து என்பது அறிஞர் பலரின் கருத்து. அதைப் பெற்ற சபை சுகமாக இருந்த சபை அன்று. சொந்த ஊராராலேயே துன்புறுத்தப்பட்டவர்கள். தங்களுள் சிலரை இறப்புக்குப் பறிகொடுத்து ஏங்கியவர்கள். எழுதியவரும் அந்நகரிலிருந்து இரவோடிரவாக அனுப்பிவைக்கப்பட்டவரே. எவருக்கும் சுமையாயிராதபடி இரவும் பகலும் தம் கையால் உழைத்ததை அவர் நினைவூட்டுகிறார். அவர்களது நிலையை எண்ணி இருப்புக் கொள்ளாமல், தமக்கு இருந்த துணையாகிய திமொத்தேயுவை அவர்களிடம் அனுப்பிவிட்டுத் தாம் ஏதென்சில் தனித்திருந்தார். மகிழச் சொல்லும் வசனம் ஐந்தாம் அதிகாரத்தில்தான் வருகிறது. ஆள் புறப்பட்டது மூன்றாம் அதிகாரத்திலேயே!

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். ஞாயிறு வாசகம் 16ஆம் வசனத்தில் தொடங்குகிறது. அதற்கு இரண்டு வசனம் மேலே, மனம் தளர்ந்தோரை ஊக்குவிக்கவும், வலுவற்றோரைத் தாங்கவும், எல்லாரிடமும் பொறுமை காட்டவும் கட்டளை இருக்கிறது. அடுத்ததில், தீமைக்குத் தீமை செய்யாது, தங்களுக்குள் மட்டுமன்றி எல்லாருக்குமே நன்மை நாடும்படி சொல்லப்படுகிறது. நெட்டுக்குப்பத்தில் வலை வீசுவோர் எல்லாரும் நம் திருச்சபையினர் அல்லர். அந்தச் சொல் அவர்களையும் உட்கொண்டதே. தாங்குவாரின்றித் தளர்ந்து கிடப்பவரிடம் 16ஆம் வசனத்தை மட்டும் கிழித்துக் கொடுப்பது, அடிப்படி இல்லாத ஏணியைச் சாத்தி வைப்பது போன்றது. வசனச் சீட்டு எடுப்பதை நாம் கேலி செய்யவில்லை. எடுத்த சீட்டின் வசனத்துக்கு மேலும் கீழும் இரண்டு வசனம் படிக்கும் பழக்கம் நம் வீடுகளில் வரவேண்டும் என்பதே நம் விருப்பம்.

தேற்றுதல் என்று தமிழில் ஓர் அழகிய சொல் உண்டு. கலங்கிய நீரைக் குடத்தில் மொண்டு, உட்புறத்தில் தேற்றாங்கொட்டையை இழைத்து வைப்பார்கள். சற்று நேரத்தில் மண் அடியில் தங்க, நீர் தெளியும். மண்ணே இல்லையென்று அந்தக் கொட்டை மறுப்பதில்லை. அது தன்னையே தேய்த்துக் கொடுக்கிறது. (கழிமுகத்தில் மிதந்த எண்ணெய்க்கு அது உதவாது என்பது வேறு. அதை அள்ளித்தான் ஆக வேண்டும். அள்ள வைத்தவர்களைக் கேள்வியும் கேட்டுத்தான் ஆக வேண்டும்.) பவுலடியார் ஊக்கத்துக்குக் கையாளும் கிரேக்கச் சொல்லும் அருகில் அழைத்தல் என்னும் பொருளில் பிறந்ததே. அச்சொல்லின் உறவாகவே தூய ஆவியாருக்குத் துணையாளர் என்ற பெயரும் வந்தது.

இங்கே ஓர் ஐயம் எழும். இறைவார்த்தை தரும் மகிழ்ச்சி, நியாயம் கேட்க வேண்டியவரின் வாயை அடைத்துவிடாதா? அடைத்த காலங்கள் உண்டு. அதை மறைப்பதில் பயனில்லை. ஆனால் அபக்கூக்கு இறைவாக்கினரைப் பாருங்கள். அத்திமரம் துளிர்விடவில்லை, திராட்சையில் கனியில்லை, ஒலிவம் பொய்த்தது, வயல் விளையவில்லை, பட்டியில் ஆடில்லை, தொழுவத்தில் மாடில்லை. இழப்புகளை ஒவ்வொன்றாக எண்ணிச் சொல்லிவிட்டு, ஆயினும் ஆண்டவரில் மகிழ்வேன் என்கிறார். இது மூன்றாம் அதிகாரம். முதல் அதிகாரத்தில் அவர் செய்தது என்ன? எத்தனை காலம் நான் கதறுவது, நீர் கேளாதிருப்பது என்று ஆண்டவரையே வழக்குக்கு இழுத்தார். பதில் வரும்வரை காவல் மேடையை விட்டு அகல மாட்டேன் என்று நின்றார். அந்த வழக்கின் வழியாகவே அந்த மகிழ்ச்சிக்கு வந்தார். முறையிட்டவருக்கே அது உரியது. முறையீட்டைக் கேட்கப் பொறாதவர் அதை எடுத்துரைக்க உரிமையற்றவர்.

திருவழிபாடும் இதை மறக்கவில்லை. அந்த 17ஆம் நாளன்று முதல் வாசகம் ஒடுக்கப்பட்டோர்க்கு நற்செய்தியும் சிறைப்பட்டோர்க்கு விடுதலையும் அறிவிக்கும் எசாயா 61. பதிலுரைப் பாடலோ மரியாவின் பாடல். பசித்தோர் நிறைவு பெறுவதும் செல்வர் வெறுங்கையராய்ப் போவதும் அதில் உண்டு. மகிழ்ச்சிக்கான கட்டளை இவ்விரண்டுக்கும் பின்னரே ஒலித்தது.

அதே மாதம் 26ஆம் நாள், ஆழிப்பேரலையின் நினைவு நாளிரவில், எண்ணூர்ப் பெரியகுப்பத்தை ஒட்டிய கடலடிக் குழாயிலிருந்து அமோனியா கசிந்தது. உறங்கியவர்கள் மூச்சு முட்டி வீதிக்கு ஓடிவந்தனர். பலர் மருத்துவமனை சென்றனர். கிறிஸ்து பிறப்புக் குடில்கள் இன்னும் கலைக்கப்படாத நாள்கள் அவை. அப்பகுதி மக்கள் பின்னர் பல வாரங்கள் கூடி அமர்ந்து போராடினர். அதுவும் ஒரு காவல் மேடையே.

நெகேமியா நூலில் ஒரு காட்சி உண்டு. திருச்சட்டம் வாசிக்கக் கேட்ட மக்கள் அழுகிறார்கள். அழ வேண்டாம், ஆண்டவரின் மகிழ்வே உங்கள் வலிமை என்று தலைவர்கள் தேற்றுகிறார்கள். அதே மூச்சில், நல்லுணவு உண்ணுமாறும், ஏதும் சமைத்து வைக்க இயலாதவர்க்குப் பங்கு அனுப்புமாறும் சொல்கிறார்கள். மக்களும் சென்று, உண்டு, பங்கு அனுப்பிய பிறகே மகிழ்ச்சி கொண்டாடினார்கள். நம் ஊரில் துக்க வீட்டில் அடுப்பு எரியாது. பக்கத்து வீட்டிலிருந்து தூக்குச்சட்டியில் சோறும் குழம்பும் வரும். கொண்டுவருபவர் பெரும்பாலும் ஒரு சொல்லும் பேசுவதில்லை. சாப்பிடு என்பார், அவ்வளவே. அந்த வீட்டில் அன்று முதன்முறையாக ஒரு முகம் இலேசாகத் தெளிவதை நாம் எத்தனை முறை கண்டிருக்கிறோம்!

இராயபுரம் தன் பெயரிலேயே இராயப்பரைச் சுமந்திருக்கிறது. அந்த மீனவர் இரவெல்லாம் வலை வீசி வெறுங்கையோடு திரும்பிய விடியலை யோவான் நற்செய்தியின் 21ஆம் அதிகாரம் சொல்கிறது. கரையில் நின்ற உயிர்த்த ஆண்டவர் முதலில் விசாரித்தது அவர்களுக்கு மீன் கிடைத்ததா என்பதையே. பின்பு வலை வீச வேண்டிய பக்கத்தைக் காட்டினார். அவர்கள் கரையேறியபோது கரி நெருப்பு மூட்டப்பட்டு, அதன்மேல் மீன் இருந்தது, அப்பமும் இருந்தது. அப்படியிருந்தும் அவர்கள் பிடித்ததிலிருந்தும் சிலவற்றைக் கொண்டுவரச் சொன்னார். இராயப்பரிடம் மும்முறை கேட்ட அந்தக் கடினமான கேள்வியை அவர் எடுத்தது, எல்லாரும் உண்டு முடித்த பின்னரே.