உங்கள் முறை

உங்கள் வீட்டில் பதினெட்டு வயதில் ஒரு பையனோ பெண்ணோ இருந்தால், கம்ப்யூட்டர் விளையாட்டில் அப்படி என்னதான் வேண்டும் என்று ஒருநாள் கேட்டுப் பாருங்கள். அநேகமாக இப்படிப் பதில் வரும்: "சண்டை ரத்தமும் சதையுமா இருக்கணும். ஆனா கண்ணை மூடிக்கிட்டு பட்டனைத் தட்டுற சண்டை வேணாம். நான் ஒரு அடி, அவன் ஒரு அடி. யோசிச்சு அடிக்கணும். அப்புறம், பக்கம் பக்கமா படிக்கச் சொல்லக் கூடாது."

கடைசி ஆசையைக் கேட்டு முகம் சுளிக்காதீர்கள். உங்கள் பாட்டி விதிப்புத்தகம் படித்துவிட்டா தாயம் ஆட உட்கார்ந்தாள்?

யோசிக்க வைப்பது முதல் இரண்டு ஆசைகள்தான். ரத்தமும் வேண்டுமாம், பொறுமையும் வேண்டுமாம். இது இவர்கள் கண்டுபிடித்ததும் இல்லை. 1974-ல் அமெரிக்காவில் வெளியான 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்', மேஜைமேல் பொம்மைப் படைகளை நகர்த்தும் போர் விளையாட்டுகளிலிருந்து பிறந்தது. 1986-ல் ஜப்பானின் 'டிராகன் குவெஸ்ட்' அதே முறையை வீட்டு டி.வி.க்குக் கொண்டுவந்தது. 2012-ல் வந்த 'எக்ஸ்காம்' விளையாட்டில், சுடுவதற்கு முன் குறி தப்பாமலிருக்க எத்தனை சதவீதம் வாய்ப்பு என்று திரை காட்டும். தொண்ணூற்றைந்து என்று நம்பிச் சுடுவீர்கள். தப்பும். இப்போது எதிரியின் முறை. நீங்கள் கையைக் கட்டிக்கொண்டு பார்க்க வேண்டியதுதான்.

விநோதமான ஏற்பாடு இது. தெருச் சண்டையில் யாராவது "நான் அடிச்சாச்சு, இப்ப நீ அடி" என்று நிற்பார்களா? ஆனால் இந்த நிறுத்தத்தில்தான் விஷயம் இருக்கிறது. கோபத்தில் கை பதறி அடித்துவிட்டேன் என்று சாக்குச் சொல்ல இதில் வழியே இல்லை. அவசரம் கிடையாது, மணிக்கணக்கில் யோசிக்கலாம். அப்படி யோசித்து அடித்த அடிக்கு முழுப் பொறுப்பும் நீங்கள்தான். அடித்து முடித்ததும் திருப்பி வாங்கிக்கொள்ள அங்கேயே நிற்கவும் வேண்டும்.

நம் ஊரில் இதற்கு எலெக்ட்ரானிக்ஸ் தேவைப்படவில்லை. ஆடுபுலி ஆட்டத்தில் மூன்று புலி, பதினைந்து ஆடு. புலி தாண்டி வெட்டும். ஆடுகள் ஒவ்வொன்றாக இறங்கிப் புலியை நகர முடியாமல் மடக்கும். "நீ புலியா, ஆடா?" என்பதுதான் முதல் கேள்வி. வேஷம் கட்டிக்கொண்டுதான் ஆட்டமே ஆரம்பம். அடுத்த ஆட்டத்தில் வேஷம் மாறும். வெட்டுகிறவனாக இருந்த பிள்ளை வெட்டுப்படுகிறவனாக உட்காரும். தாயத்திலோ, ஒரு காயையாவது வெட்டாதவனுக்குப் பழம் ஏற அனுமதி இல்லை என்று ஆடும் வீடுகள் உண்டு. சாதுவான பாட்டிகளின் வாயில் "வெட்டு, வெட்டு!" என்ற கூச்சல் கேட்டிருப்பீர்களே.

'முறை' என்ற சொல்லைப் பாருங்கள். அடுத்தது யார் என்பதும் முறை. நியாயமும் முறை. மாமனா மச்சானா என்ற உறவும் முறை. மூன்றையும் ஒரே சொல்லில் வைத்தவர்களுக்குக் காரணம் இல்லாமலா இருந்திருக்கும்?

சரி, விளையாட்டில் தோற்றால் காயைக் கலைத்துவிட்டு மறுபடி அடுக்கலாம். தோற்றால் வீட்டில் அடுப்பு எரியாது என்கிற இடத்தில் இந்த ஒழுங்கு நிற்குமா?

சென்னைக்கு வடக்கே பழவேற்காட்டில் நின்றிருக்கிறது. சிலிக்காவுக்கு அடுத்தபடியாக இந்தியாவின் பெரிய உப்பங்கழி ஏரி இது. பெரும்பகுதி ஆந்திராவில், தென்கோடி நம்மிடம். 1613-ல் டச்சுக்காரர்கள் இங்கே கெல்ட்ரியா கோட்டையைக் கட்டினார்கள். அவர்கள் போய்விட்டார்கள், கோட்டையும் இடிந்துவிட்டது. கோட்டைக்குப்பம் இருக்கிறது. அந்தக் குப்பமும், ஆண்டிகுப்பம், நடூர் மாதாகுப்பம் போன்ற அக்கம்பக்கத்துக் குப்பங்களும் தலைமுறைகளாகக் கடைப்பிடித்த ஏற்பாட்டுக்குப் பெயர் 'பாடு'. கடலும் ஏரியும் கலக்கும் முகத்துவாரத்துக்கு அருகில் இறால் அதிகம். எல்லோரும் ஒரே இரவில் அங்கே வலை கட்டினால் இறாலுக்கு முன்னால் மண்டைகள் உடையும். அதனால் நல்ல இடம் ஒருவருக்கே சொந்தமில்லை, எல்லோருக்கும் முறை வரும் என்று வகுத்தார்கள். இன்று உன் முறை, நாளை அவன் முறை. உன் முறையன்று வலை வெறுமையாக வந்தால் அது உன் பாடு. மறுநாள் அவன் வலை கிழியக் கிழிய இறால் விழுந்தால், கரையில் நின்று பார்த்துக்கொண்டிரு. 'மீன்பாடு' என்றால் அகப்பட்ட மீன். வெறும் 'பாடு' என்றால் கஷ்டம். ஏரிக்காரர்களுக்கு இரண்டும் ஒரே சொல்.

1991-ல் ஐ.நா.வின் உணவு வேளாண் அமைப்பு இதைப் பற்றி ஓர் ஆய்வே வெளியிட்டது. இலங்கையில் நீர்கொழும்பு ஏரியிலும், கட்டு வலைக்காரர்கள் சங்கம் வைத்துச் சீட்டுக் குலுக்கி இடம் பிரித்துக்கொள்கிறார்கள். மனிதர்கள் போலீஸ் இல்லாமலும் வரிசையில் நிற்பார்கள் என்பதற்கு இவை நல்ல சாட்சிகள். ரேஷன் கடைக்கு முன்னால் இதைச் சொன்னால் சிரிப்பார்கள்.

இத்தோடு நிறுத்தினால் அழகாக இருக்கும். ஆனால் மகாபாரதச் சபை ஞாபகத்துக்கு வருகிறதே. அங்கே சகுனி உருட்டியது வஞ்சமாக இருக்கலாம். ஆனால் யாரும் வரிசை மீறவில்லை. பணயம் வைத்தார்கள், உருட்டினார்கள், தோற்றார்கள், மறுபடி வைத்தார்கள். முறை போட்டு ஆடிய ஆட்டத்தில்தான் அவ்வளவு பெரிய முறைகேடு நடந்தது. பாஞ்சாலி கேட்ட கேள்வியும் முறையைப் பற்றியதுதான்: என்னை வைத்துத் தோற்றாரா, தன்னைத் தோற்ற பிறகு என்னை வைத்தாரா? தன்னையே இழந்தவனுக்கு இன்னொரு முறை ஏது? பீஷ்மர் தருமம் நுட்பமானது என்று நழுவினார். கௌரவர்களில் விகர்ணன் மட்டும் அவள் பக்கம் பேசினான். ஆனால் ஆட்டம் நடந்துகொண்டிருந்தபோது அவளை யாருமே கேட்கவில்லை. அவள் ஆட்டக்காரி இல்லை, காய்.

பாட்டிலும் அந்தக் கேள்வி ஒளிந்திருக்கிறது. அது பட்டினவர் சமூகத்துக் குடும்பங்கள் தங்களுக்குள் வகுத்துக்கொண்ட ஒழுங்கு. அதே ஏரியை நம்பியிருக்கும் தலித்துகளும் இருளர்களும் அந்த வரிசையில் கிடையாது. இறால் ஏற்றுமதிச் சரக்காகி விலை ஏறியபோது வெளியில் நின்றவர்களும் வலையோடு வந்தார்கள். தகராறும் கூடவே வந்தது.

குப்பத்துக்காரர் தரப்பில் நியாயம் இல்லாமலில்லை. "நாங்க காவந்து பண்ணினதாலதான் ஏரியில மீனே மிச்சம் இருக்கு. வந்தவனுக்கெல்லாம் முறை குடுத்தா எங்க முறை எப்ப சுத்தி வரும்?" என்று ஒருவர் கேட்டால் நீங்கள் என்ன சொல்வீர்கள்? முகத்துவாரம் மணல் மூடுகிறது. தெற்கே எண்ணூரிலும் காட்டுப்பள்ளியிலும் துறைமுகங்கள் வந்துவிட்டன. ஏரியின் கணக்குச் சுருங்கும்போது ஆட்டக்காரர்களைக் கூட்டச் சொல்வது, ஊரிலிருந்து பேசுகிறவனுக்குச் சுலபம்தான்.

இருந்தாலும் என் ஓட்டு கூட்டச் சொல்லித்தான் விழும். இன்று வேண்டாம், நாலு நாள் கழித்து வா என்று சொன்னால் காத்திருக்கலாம். உனக்கு நாளே கிடையாது என்கிறவனிடம் எதற்காகக் காத்திருப்பது?

பழவேற்காட்டுப் பக்கம் இருளர் பெண்கள் இறால் பிடிப்பதைப் பார்த்தால் தெரியும். வலை கிடையாது, படகு கிடையாது. இடுப்பளவு தண்ணீரில் நகர்ந்து நகர்ந்து, சேற்றைக் கையால் துழாவி, அகப்பட்டதைப் பறிக்குள் போடுகிறார்கள். பறியின் வாயைப் பல்லால் கடித்துப் பிடித்திருப்பதால் பேசவும் முடியாது.