அமானத்தும் அனுதாபமும்

2024 அக்டோபர் 11, வெள்ளிக்கிழமை இரவு எட்டரை மணியளவில், மைசூரிலிருந்து தர்பங்கா நோக்கிச் சென்ற பாக்மதி எக்ஸ்பிரஸ், கவரைப்பேட்டை நிலையத்தின் கிளைப்பாதையில் நின்றிருந்த சரக்கு ரயிலின்மீது மோதிற்று. பெட்டிகள் பல தடம் புரண்டன, தீயும் பற்றியது. ஆயிரத்துக்கு மேற்பட்டோர் பயணம் செய்த அவ்வண்டியில் ஓர் உயிரும் பலியாகவில்லை, அல்ஹம்துலில்லாஹ். காயமுற்றோர் மருத்துவமனைகளுக்குக் கொண்டு செல்லப்பட்டனர்.

அன்றிரவு பணியாற்றியோர் எவர்மீதும் குறை கூற நமக்கு ஒன்றுமில்லை. ஆனால் இச்செய்தியை வீட்டில் பேசிக்கொண்டிருந்தபோது, வேறோர் ஊரில் செவிலியாயிருக்கும் நம் சகோதரியின் மகள் தன் மருத்துவமனையில் நிகழ்ந்த ஒன்றைச் சொன்னாள். ஓர் இரவு, விபத்துக்குள்ளானோர் பலர் ஒரே நேரத்தில் வந்து சேர்ந்தனர். உடன் பணிபுரிந்த ஒருவர் ஆக்சிஜன் சிலிண்டரைத் திறக்கத் தெரியாமல் நின்றார். இரத்தம் எடுத்த குப்பிகளில் பெயர்களை மாற்றி ஒட்டினார். இவள் தற்செயலாகக் கண்டதால் பிழைத்தார்கள். "அவர் வராதிருந்தால் எங்களுக்கு ஓர் ஆள் குறைந்திருக்கும், மாமா. வந்ததால் இரண்டு ஆள் குறைந்தது. அவரைக் கண்காணிக்கவே ஒருவர் வேண்டியிருந்தது" என்றாள். பிறகு கேட்டாள்: "அவர் பிள்ளைகுட்டிக்காரர். மேலிடத்தில் சொன்னால் அது கீபத் ஆகாதா?"

மார்க்கம் அறிந்தவர் என்று நம்மிடம் கேட்டாள். நமக்கோ உடனே வாய் எழவில்லை. காரணத்தைப் பின்னர் சொல்வோம்.

புறம் பேசுதல் இறந்த சகோதரனின் மாமிசத்தை உண்பதற்கு ஒப்பானது என்பதைச் சிறுவரும் அறிவர். ஆனால் இமாம் நவவி (ரஹ்) அவர்கள் 'ரியாளுஸ் ஸாலிஹீன்' என்னும் நூலில், ஒருவர் குறையை எடுத்துரைக்க அனுமதியுள்ள ஆறு சந்தர்ப்பங்களை வகுத்துள்ளார்கள். தீங்கை நீக்க வல்லவரிடம் முறையிடுவதும், பிறரைத் தீங்கினின்று எச்சரிப்பதும் அவற்றுள் அடங்கும். நம் வழக்கமோ நேர் எதிரானது. தேநீர் அருந்துமிடத்தில் அம்மனிதரைப் பற்றிப் பேசிச் சிரிக்கிறோம். தீர்க்க வல்லவர் முன்னிலையில் கீபத் என்று பேணுதலாக வாய்மூடுகிறோம். விலக்கப்பட்ட இடத்தில் பேச்சு, வேண்டப்பட்ட இடத்தில் மௌனம்.

மருத்துவத்தை இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் ஃபர்ளு கிஃபாயாவாக எண்ணினார்கள். சிலர் நிறைவேற்றினால் ஊரார் அனைவரின் பொறுப்பும் நீங்கும். எவரும் நிறைவேற்றாவிடில் அனைவரும் குற்றவாளிகள். இங்கேதான் திறனற்றவர் ஒருவரால் விளையும் கேடு புலப்படுகிறது. காலியான நாற்காலி எல்லோர் கண்ணிலும் படும். ஆள் வேண்டும் என்று கேட்கத் தோன்றும். தெரியாதவர் அமர்ந்த நாற்காலியோ நிறைந்ததாகத் தோற்றமளிக்கும். கடமை நீங்கிற்றென்று ஊர் உறங்கும், அது நீங்கியிராது.

இனி நம் கதை. முன்னொரு காலம் நாம் ஓதிக்கொடுத்த மதரஸாவில், ஃபராயிள் பாடம் நடத்திய பெரியவர் ஒருவர் இருந்தார். நல்லவர், ஏழை, கணக்கு மட்டும் அவருக்கு வராது. நாம் அறிவோம், மற்ற உஸ்தாதுகளும் அறிவார்கள். இரக்கத்தால் இருந்துவிட்டோம். ஒரு நாள் ஒரு குடும்பத்தார் சொத்துப் பங்கீடு கேட்டு வந்தனர். பிள்ளையில்லாது இறந்தவரின் மனைவிக்கு நான்கில் ஒன்று சேரவேண்டும். அவர் எட்டில் ஒன்று என எழுதிக் கொடுத்துவிட்டார். அந்தக் காகிதம் நம் கண்ணில் பட்டபோது வீடு விற்றாகிவிட்டது. நம்முடைய இரக்கத்திற்கான விலையை அந்த விதவை செலுத்தினாள். அந்தப் பெரியவர்மீது நமக்குக் கோபம் வந்ததுண்டு. கோபம் வரவேண்டிய இடம் அதுதானா என்பது இன்றும் நம்மை உறுத்துகிறது.

மருமகளுக்கு ஸினான் இப்னு ஸாபித் அவர்களின் வரலாற்றைச் சொன்னோம். ஹிஜ்ரி 319, அதாவது கி.பி. 931இல், பக்தாதில் ஒரு வைத்தியரின் பிழையால் நோயாளி ஒருவர் இறந்தார். கலீஃபா முக்ததிர், வைத்தியர் அனைவரையும் சோதித்து அனுமதி வழங்கும்படி ஸினானுக்கு ஆணையிட்டார். எண்ணூற்று அறுபதுக்கும் மேற்பட்டோர் வந்தனர். அவர்களுள் கம்பீரமான முதியவர் ஒருவர் பொற்காசுகளை முன்வைத்து, தமக்கு எழுதப் படிக்கச் சரிவரத் தெரியாதென்றும், குடும்பம் இத்தொழிலை நம்பியிருப்பதென்றும் ஒப்புக்கொண்டார். ஸினான் சிரித்துவிட்டு அனுமதித்தார்; அறியாததில் கைவைக்கலாகாது, இரத்தம் எடுக்கலாகாது, சாதாரண நோயன்றிப் பேதி மருந்து கொடுக்கலாகாது என்பன நிபந்தனைகள். தாம் என்றுமே சிக்கஞ்சபீனையும் ஜுலாபையும் தாண்டியதில்லை என்றார் முதியவர்.

உன் சக ஊழியருக்கும் அவ்வாறு வரம்பு வகுக்கச் சொல், மகளே. பிழைப்பும் போகாது, உயிரும் போகாது என்றோம். தெரியாதென்று சொல்லும் துணிவு அவருக்கு இருந்திருந்தால் பாதி வேலை முடிந்திருக்கும். இமாம் மாலிக் (ரஹ்) அவர்களிடம் 48 கேள்விகள் கேட்கப்பட்டு, 32க்குத் தெரியாது என்றே விடையளித்ததாக வரலாறு உண்டு.

அவள் சிறிது நேரம் பேசவில்லை. பின், "அந்தப் பெரியவருக்கு வரம்பு தெரியும், ஸினானுக்கும் தெரியும். அவரிடம் மருந்து வாங்க வந்தவர்களுக்குத் தெரியுமா, மாமா?" என்றாள்.

மறுவாரம் மேற்பார்வையாளரிடம் எழுதிக் கொடுத்துவிட்டதாகத் தொலைபேசியில் சொன்னாள். அம்மனிதருக்கும் ஒரு பிரதி கொடுத்தாளாம்.