கரையானும் நம் கடமையும்



நம் பிள்ளைகள் கேட்கும் கேள்விகளில் எளிதாகப் பதில் சொல்ல முடியாத கேள்வி ஒன்று உண்டு. "எறும்புக்கு உணவாகட்டும் என்று அரிசி மாவில் கோலம் போடச் சொல்கிறீர்கள். கரையானுக்கு மட்டும் ஏன் மருந்து அடிக்கிறீர்கள்? அது பாவம் இல்லையா?"

கேள்வி நியாயமானதே. புற்றை நாம் வணங்குகிறோம். திருவாரூரில் மூலவரின் திருப்பெயரே வன்மீகநாதர், அதாவது புற்றிடங்கொண்டார். திருவொற்றியூரில் புற்று வடிவான ஆதிபுரீஸ்வரரைக் கார்த்திகைப் பௌர்ணமியை ஒட்டி மூன்று நாட்கள் மட்டுமே கவசமின்றித் தரிசிக்க முடியும். புற்றைக் கட்டும் கரையானும் வீணான பிறவி அல்ல. காட்டில் விழுந்த மரத்தையும் சருகையும் தின்று மண்ணுக்கு உரமாக்குவது அதுதான். காட்டு மரமும் நம் வீட்டுக் கதவு நிலையும் அதற்கு ஒன்றே.

ஆனால் இல்லறத்தாருக்குக் காக்க வேண்டிய கடமையும் உண்டு. சிதம்பரத்தில் நடந்ததாக மரபு சொல்வதை நாம் அறிவோம். மூவர் பாடிய தேவார ஏடுகள் தில்லையில் ஓர் அறையில் பூட்டிக் கிடந்தன. இராஜராஜ சோழனும் நம்பியாண்டார் நம்பியும் அந்த அறையைத் திறந்தபோது ஏடுகளைப் புற்று மூடியிருந்தது. எண்ணெய் வார்த்துப் புற்றை நீக்கி எடுத்தார்கள். பெரும்பகுதி கரையானுக்கு இரையாகியிருந்தது. மிஞ்சியதைத்தான் இன்றும் நம் சந்நிதிகளில் ஓதுகிறோம். அன்று புற்றைக் கலைத்ததைப் பாவம் என்று யாரும் சொல்லமாட்டோம்.

அந்த அறைக்குப் பூட்டு இருந்தது, காவலும் இருந்தது. திறந்து பார்க்கும் கண்தான் இல்லை. பாவ புண்ணியக் கணக்கை நாம் இங்கிருந்துதான் தொடங்க வேண்டும் என்று தோன்றுகிறது. ஆரம்பத்திலேயே பார்த்திருந்தால் ஒரு துடைப்பமும் கொஞ்சம் வெயிலும் போதும். பல வருடம் பாராமல் விட்டால் ஒரு கூட்டையே அழிக்க வேண்டி வருகிறது. நம் கவனக்குறைவு எவ்வளவு வளர்கிறதோ அவ்வளவு கொலையும் வளர்கிறது.

வளைகுடாப் பாலை மணலிலும் கரையான் உண்டு. மண்ணுக்கடியில் வாழ்ந்து, ஈரத்தை நாடி வரும். ஏ.சி. தண்ணீர் கசியும் சுவர், குளியலறைக் குழாயின் ஓரம், செடிக்குத் தண்ணீர் பாயும் வில்லாவின் அஸ்திவாரம், தரையில் அடுக்கிய அட்டைப் பெட்டிகள் ஆகியவையே அது நுழையும் இடங்கள். சுவரில் பென்சில் பருமனுக்கு மண்கோடு ஓடினாலோ, கதவு நிலையைத் தட்டினால் பொள்ளென்று ஒலித்தாலோ வந்துவிட்டது என்று அறியலாம். கசிவை அடைத்து, பெட்டிகளை உயர்த்தி வைத்தாலே பாதி வேலை முடிந்துவிடும்.

மீதிக்கு உரிமம் பெற்ற நிறுவனத்தாரை அழைக்க வேண்டும். அவர்கள் சுவரோரம் தரையில் துளையிட்டு மருந்து செலுத்துவார்கள், அல்லது இரைப்பெட்டி வைப்பார்கள். ஒரு காலத்தில் இதற்குப் பயன்பட்ட குளோர்டேன், ஆல்ட்ரின் முதலியவை பல ஆண்டுகள் மண்ணைவிட்டு அகலாதவை. 2001-ல் ஏற்பட்ட ஸ்டாக்ஹோம் உடன்படிக்கை அவற்றை விலக்க வழி செய்தது. இன்றைய ஃபிப்ரோனில், இமிடாகுளோப்ரிட் போன்றவை மெதுவாக வேலை செய்பவை. அவற்றைத் தொட்ட கரையான் கூட்டுக்குத் திரும்பி மற்றவற்றுக்கும் பரப்பும். எந்த மருந்து, எவ்வளவு, எத்தனை நேரம் வெளியே இருக்க வேண்டும் என்று எழுத்தில் கேட்டு வாங்குவது நம் உரிமை.

இங்கே இன்னொரு பாவம் ஒளிந்திருக்கிறது. பூச்சித் தொல்லைக்குக் குறைந்த பணத்தில் முடித்துத் தருகிறேன் என்று பெயரில்லாத புட்டியோடும் மாத்திரையோடும் வருபவர்கள் உண்டு. தானியக் கிடங்குக்கான அலுமினியம் பாஸ்பைடு மாத்திரையில் ஈரக்காற்றுப் பட்டால் பாஸ்பீன் என்னும் நச்சு வாயு எழும். சுவர் விரிசல் வழியாகவும் குழாய் வழியாகவும் அது அடுத்த வீட்டுக்குள் போகும். அதற்கு மாற்று மருந்து கிடையாது. அமீரகத்தில் வீடுகளில் இதைப் பயன்படுத்தத் தடை உண்டு. அப்படியிருந்தும் 2019-ல் ஷார்ஜாவில், பக்கத்து வீட்டில் பூச்சிக்காக வைத்த இந்த நஞ்சினால் பத்து வயதுச் சிறுவன் ஒருவன் உயிரிழந்தான். கட்டிலையும் கதவையும் காக்கப் போய் அடுத்த வீட்டுக் குழந்தையின் மூச்சைப் பணயம் வைக்க நமக்கு எந்த தர்மமும் அனுமதி தரவில்லை. 'வந்தவன்தான் வைத்தான், நமக்கென்ன தெரியும்' என்று சொல்லித் தப்பவும் முடியாது. கூலி கொடுத்துவிட்டதால் பொறுப்பு கைமாறிவிடாது.

ஊரில் பூட்டிவிட்டு வந்த வீட்டையும் நினைக்க வேண்டும். பணம் அனுப்பிக் கட்டிய வீட்டில் தேக்கு நிலையும், தாத்தாவின் புத்தக அலமாரியும், கல்யாணப் புகைப்படங்களும் இருட்டில் கிடக்கின்றன. சாவியை வைத்திருக்கும் அண்ணனிடமோ சித்தியிடமோ மாதம் ஒரு நாள் ஜன்னல்களைத் திறந்து, மூலைகளைப் பார்க்கச் சொல்வோம். விடுமுறையில் போகும்போது நாமே அலமாரியை நகர்த்திப் பார்ப்போம். சரஸ்வதி பூஜைக்குப் புத்தகங்களைத் தூசி தட்டி அடுக்கும் வழக்கத்தில் இந்தப் பயனும் இருக்கிறது.

ஆகவே பிள்ளைகளிடம் இப்படிச் சொல்லலாம்: "கரையானைக் கொல்வதில் பாவமே இல்லை என்று சொல்லமாட்டோம். வீட்டைக் காக்க வேறு வழியில்லாதபோது, தேவையான அளவுக்கு, பிறருக்குத் தீங்கில்லாமல் செய்கிறோம். அந்த நிலைமை வராமல் முன்கூட்டியே பார்த்துக்கொள்வதுதான் நமக்கும் கரையானுக்கும் நல்லது." குழந்தைகள் இதை ஏற்பார்கள். அடுத்த விடுமுறை நாளில் அவர்களையும் கூட்டிக்கொண்டு வீட்டுச் சுவரோரம் ஒரு சுற்றுச் சுற்றி வருவோம்.